ஆள் நிறைந்த பிறகு கிளம்பும் ஒளி

பதினோரு பிள்ளைகள் ஒரு கேள்விக்கு ஒரே விடையை எழுதிவிட்டார்கள். அதற்காக நான் சிங்கப்பூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போக வேண்டியதாயிற்று. பணி ஓய்வுக்குப் பிறகு முதல் வெளிநாட்டுப் பயணம் பாலித் தீவுக்கு என்று வைத்திருந்தேன். கடற்கரை, இளநீர், நல்ல மெத்தை. அதற்குப் பதிலாக உரமூட்டைகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து மலையேறினேன். எரிச்சலோடுதான் கிளம்பினேன், அதைவிடப் பெரிய எரிச்சலோடு திரும்பி வந்தேன்.

கேள்வி இதுதான்: வெற்றிடத்தில் ஒரு ஃபோட்டானின் வேகம் என்ன? ஃபோட்டான் என்பது ஒளியின் ஆகச் சிறிய துணுக்கு. விடைக்குறிப்பில் இருந்த பதில், விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைப்பள்ளியில் படிக்கும் அந்தப் பதினோரு பேரும் எழுதியது வேறு. 'ஒரே ஒரு ஃபோட்டான் என்றால் அது கிளம்பிய நேரம் சரியாகத் தெரியாது. வந்து சேர்ந்தது மட்டும்தான் தெரியும். ஆள் நிறைந்த பிறகுதான் வேகம் சொல்ல முடியும். அப்போது விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்.'

பள்ளியை நடத்தும் அறக்கட்டளை, தன் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து வைத்த தேர்வு அது. அதில் தேறினால் கல்லூரிப் படிப்புக்கு முழு உதவித்தொகை கிடைக்கும். விடைத்தாள் திருத்தியவர்கள் 'ஆள் நிறைந்த பிறகு' என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். ஃபோட்டானுக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம்? இப்படி ஓர் உளறலைப் பதினோரு பேர் தனித்தனியாக எழுத முடியாது, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எல்லோருடைய மதிப்பெண்ணையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விடையின் கடைசி வரியில் அவர்கள் கேட்ட அதே எண் இருந்ததை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தாள். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் கருவிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒருமுறை இணையத்தில் அதைப்பற்றித் தமிழில் பேசுகிறேன். கேட்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அதில் விடாமல் கேள்வி கேட்டு என்னை உட்காரவிடாமல் அடிப்பவள் இந்த ஸ்டெல்லா.

"நீங்க சொன்னதத்தான்க்கா கிளாஸ்ல சொன்னேன்," என்றாள். "பசங்க காப்பி அடிக்கல, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னா, பசங்கள காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றேன்றாங்க. இப்ப விசாரணை வெச்சிருக்காங்க. வெளிய இருந்து விஷயம் தெரிஞ்சவங்க யாராவது வந்து சொன்னாத்தான் கேப்பாங்களாம்."

காணொளியில் பேசுகிறேனே என்றேன். மலையில் சிக்னல் நிற்காது என்றாள். நிலாவுக்கு வண்டி விடும் நாட்டில் சிக்னல் நிற்காதா என்று அவளிடம் கத்தினேன். கத்திவிட்டு பாலிக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்தேன்.

முதல் நாள் ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லாவின் வீடு அங்கேதான். வாரநாட்களில் மலைப்பள்ளியின் விடுதியிலேயே தங்கிவிட்டு, சனி ஞாயிறுக்கு இறங்கி வருவாள். பேருந்தில் எனக்குப் பின் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். சிங்கப்பூரில் என் அடுத்த வீட்டுக்காரி தெலுங்குக்காரி என்பதால் எனக்கு அந்த மொழி அரைகுறையாகப் புரியும்.

"இந்த அம்மா யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போட்டுவிட்டு வரவில்லை. முகத்தைப் பார், போடத்தான் போகிறாள்," என்றாள் மற்றவள்.

திரும்பி முறைத்தேன். அவர்கள் கொஞ்சமும் அசரவில்லை. ஒரு கை அவித்த வேர்க்கடலையை என் பக்கம் நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்து வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. என் கோபத்தை அவர்கள் இத்தனை சுலபமாகக் கண்டுபிடித்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்கக்கா, வாங்க. வூடு சின்னதுதான், குனிஞ்சு வாங்க," என்று வாசலில் வரவேற்றாள் ஸ்டெல்லா. திரையில் பார்த்ததைவிட உயரம். முப்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே சுவரில் மாதா படம், அதன் கீழே பள்ளிப் பிள்ளைகளோடு எடுத்த படம். கணவர் சேவியர் கடைவீதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் அவர்தான் செய்தார். சட்னியில் காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. நான் நிறுத்தாமல் சாப்பிட்டேன்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா," என்றார் சேவியர், மூன்றாவது தோசையை என் தட்டில் போட்டபடி. "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சு போய்டும். கேக்க மாட்றா."

"எதற்கு மன்னிப்பு?"

"அது எனக்கும் தெரியல. கேட்டாங்கன்னா குடுத்துட வேண்டியதுதானே. இந்த வேலை போச்சுன்னா இன்னா பண்றது? இந்தப் பக்கத்துல இருக்கற ஸ்கூல்லாம் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுப் பேசிக்கறவங்க. வேற எவனும் சேத்துக்க மாட்டான்."

"நீ கம்முனு இரு," என்றாள் ஸ்டெல்லா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, பசங்க பாத்து எழுதலன்றத மட்டும் நீங்க சொன்னாப் போதும். என்னப்பத்தி எதுவும் பேச வேணாம்."

அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லே என் நெஞ்சில் முள்ளாக நின்றது. சரியானதைச் சொல்லிக்கொடுத்தவள் மன்னிப்பு எழுத வேண்டும். படிக்காமல் திருத்தியவர்கள் விசாரணை நடத்துவார்கள். அன்று படுக்கையில் அவர்களிடம் பேச வேண்டியதை எல்லாம் மனதுக்குள் பேசித் தீர்த்தேன். பாதிக்குமேல் அச்சில் போட முடியாது.

மறுநாள் மலையடிவாரத்தில் ஜீப்புக்குப் போய் நின்றோம். மலைக்கு எப்போதாவது ஒரு பேருந்து உண்டு, அது எங்களுக்கு முன்பே போய்விட்டது. இனி ஜீப்தான். ஓட்டுநர் சம்பத்து பானெட்டின் மேல் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"எப்போது கிளம்பும்?" என்று கேட்டேன்.

"கெளம்பும்மா."

"எத்தனை மணிக்கு?"

"ஆளு நெறஞ்சதும்."

எங்கள் ஊரில் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகை சொல்லும். உள்ளே உட்கார இடம் இருக்கிறதா என்றுகூடச் சொல்லும். அது ஒரு நிமிடம் பிசகினால் நாங்கள் புகார் எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். இங்கே நான் ஏறி உட்கார்ந்தேன், வெயில் ஏறியது, ஆள் ஏறவில்லை. இருவர் வந்தால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்கி டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது இன்னொருவருக்கு வெற்றிலை நினைவு வந்தது. உள்ளே இருந்த யாரும் மணி கேட்கவில்லை. புதிதாக வந்தவர்களும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்து, "இன்னும் எத்தினி பேருப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். நான் ஒருத்திதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்.

"இதத்தான்க்கா பசங்களுக்குச் சொன்னேன்," என்றாள் ஸ்டெல்லா என் காதருகே.

"எதை?"

"பஸ்சு இருக்குதுல்ல, அது டயத்துக்கு எடுத்துடும். ஆனா உள்ள மூணு பேரா முப்பது பேரான்னு சொல்ல முடியாது. ஜீப்பு இருக்குதே, ஆள் கணக்கு கரெக்டா இருக்கும். எப்பக் கெளம்பும்னு தெரியாது. டயமும் வேணும் ஆள் கணக்கும் வேணும்னு கேட்டா மலைக்கு வண்டியே கெடையாது."

நான் கடிகாரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். ஒரு ஃபோட்டானின் நிறத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதாவது அது எவ்வளவு ஆற்றலைச் சுமந்து வருகிறது என்று அறிய வேண்டுமானால், அது கிளம்பிய நேரம் கலங்கிவிடும். நேரத்தைப் பிடித்து நிறுத்தினால் நிறம் கலங்கிவிடும். இரண்டையும் ஒருசேரக் கறாராகக் கேட்க முடியாது. இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்க நான் வருடக்கணக்காக வீணை நரம்பு, கடலலை, கோயில் மணி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கொட்டாவியை மறைத்துக்கொள்வார்கள். இவள் ஜீப் ஸ்டாண்டில் பிடித்துவிட்டாள்.

ஆனாலும் நான் பழகிய தொழில் விடவில்லை. "ஒரு குறை இருக்கு ஸ்டெல்லா. ஜீப் கிளம்பின நேரத்தை எதிர்க் கடைக்காரர் பார்த்துச் சொல்லிடலாம். ஃபோட்டானுக்கு அப்படி எங்கேயோ ஒளிஞ்சு கிடக்கிற நேரம்னு ஒண்ணு கிடையாது. நமக்குத் தெரியலைங்கிறது இல்லை, அதுக்கே இல்லை."

"அதையும் சொன்னேன்க்கா. 'அப்ப ஸ்டாண்டே இல்லாத ஜீப்பா மிஸ்'னு கேட்டாங்க."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கோபம் இரண்டு மடங்காக வந்தது. இந்த வகுப்பையா உளறல் என்றார்கள்? இப்படிக் கேட்கும் பிள்ளைகளையா பார்த்து எழுதினார்கள் என்கிறார்கள்?

ஒருவழியாக ஆள் நிறைந்தது. நிறைந்தது என்றால் நான் நினைத்த நிறைவு அல்ல. பின்னால் இருவர் தொங்கினார்கள், கூரையில் உரமூட்டைகளின் மேல் இருவர், என் காலடியிலும் உரமூட்டை, மடியில் யாருடையதோ எண்ணெய் டின். மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. சம்பத்து இறங்கி ஊற்றுநீர் பிடிக்கப் போனார். அதற்குள் பாதிப் பேர் இறங்கி நிழலில் குந்திவிட்டார்கள். கூரையில் இருந்தவர்களில் ஒருவர் தூங்கிவிட்டார். கோபப்பட்டது நானும் ரேடியேட்டரும் மட்டும்தான்.

என்னோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் பெயர் குப்பம்மா. சாமையும் கொள்ளும் போடுகிறவர். அந்தப் பதினோரு பேரில் அவர் மகளும் ஒருத்தி. நான் யார் என்று ஸ்டெல்லா சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்குப் படிப்பு தெரியாதும்மா. திருட்டுன்னா இன்னான்னு தெரியும். எம்பொண்ணு திருடிட்டான்றாங்க. பரிச்சைல திருடறதும் திருட்டுதானே? ஊருல தலகாட்ட முடியல. அவ சோறு துன்னாம குந்திக்கினு கீறா."

"உங்கள் மகள் திருடவில்லை. நாளைக்கு அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்," என்றேன். சிங்கப்பூரில் யாருக்கும் நான் இப்படி வாக்குக் கொடுத்ததில்லை. அங்கே வாக்குக் கொடுப்பதற்கு முன் யோசிப்பேன்.

இரவு விடுதியில் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும். சாமைச் சோறு தொண்டையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கள் கடைகளில் இதே சாமையைப் பளபளப்பான சின்னப் பையில் போட்டு உடல்நலம் என்று எழுதி யானை விலைக்கு விற்கிறார்கள். அதை நினைத்தும் ஒரு பாட்டம் கோபப்பட்டேன்.

மூன்றாம் நாள் விசாரணை. பள்ளி அலுவலக அறையில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் அறக்கட்டளைக்காரர்கள் இருவர், கடைசிவரை வாயைத் திறக்காதவர்கள். தாளாளர் தன் சொந்தக் காரில், குறித்த நேரத்துக்கு வந்துவிட்டார். நான் ஒரு முரடரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவரோ எழுந்து நின்று கைகுவித்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார், டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். கத்துவதற்குத் தயாராகப் போகிறவளுக்கு மரியாதையைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது.

ஸ்டெல்லா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பெற்றோர்கள் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள்.

நான் ஆரம்பித்தேன். எங்கள் கருவியில் ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாக வந்து பதியும். ஒன்று கொஞ்சம் முந்தி வரும், இன்னொன்று கொஞ்சம் பிந்தி வரும். முந்தி வந்தது வேகமாக ஓடி வந்தது என்று சொல்ல முடியாது, அது முந்திக் கிளம்பியிருக்கலாம். வழியில் நிறுத்திப் பார்க்கவும் வழியில்லை. பார்த்தால் அதோடு அந்த ஃபோட்டான் முடிந்தது. அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு கறாராகப் பேச மாட்டோம். ஏராளமாக வந்து சேர்ந்த பிறகு அவை பதிந்த நேரங்கள் ஒரு குவியலாகத் தெரியும், அந்தக் குவியலின் நடுவை வைத்துத்தான் வேகத்தைச் சொல்வோம். பிள்ளைகள் எழுதியது இதைத்தான். ஆள் நிறைந்த பிறகு.

தாளாளர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம். ஆனா பதினோரு பேரும் அதே வார்த்தையை எப்படி எழுதுவாங்க? அதான் எங்க சந்தேகம். ஃபோட்டான்ல ஆள் எங்க வந்துச்சு?"

"அந்தச் சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்," என்றேன். "வெளியே இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று நீங்களே கேளுங்கள்."

அவருக்கு விளையாட்டாக இருந்திருக்க வேண்டும். முதலில் காளியப்பன் என்ற விவசாயியைக் கூப்பிட்டார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தவரிடம் கேட்டார். "ஏம்பா, ஜீப்பு எத்தனை மணிக்குக் கெளம்பும்?"

"எந்த ஜீப்புங்க?"

"எதோ ஒண்ணு. மலைக்கு வர்ற ஜீப்பு."

"ஆளு நெறஞ்சப்புறம்ங்க."

"மணி சொல்லுப்பா."

"ஆளு நெறஞ்சப்புறம்தாங்க," என்றார் காளியப்பன், இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல என்னைப் பார்த்தபடி.

அவரை உள்ளேயே நிற்கவைத்துவிட்டு இன்னொருவரை அழைத்தார். அதே கேள்வி, அதே பதில், அதே இரண்டு சொல். மூன்றாவதாகக் குப்பம்மா வந்தார். பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு, "ஆளு நெறஞ்சப்புறம்," என்றார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"இவர்கள் யாரைப் பார்த்து எழுதினார்கள்?" என்று கேட்டேன்.

தாளாளர் சிரித்துவிட்டார். ஊமையாக இருந்த இருவரும்கூடச் சிரித்தார்கள். "சரி மேடம், ஒத்துக்கறேன். காப்பி இல்லை. மிஸ் ஜீப்பை வெச்சு நடத்தியிருக்காங்க, பசங்க அப்படியே எழுதிட்டாங்க. அந்த ரெண்டு மார்க் கிடையாது, மத்தபடி ரிசல்ட்டை விட்டுடலாம். பதினோரு பேரும் பாஸ் ஆகிடுவாங்க."

குப்பம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மூவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் டீயைக் கையில் எடுத்தேன். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு விஷயம் மேடம்," என்றார் தாளாளர். "நீங்க பெரிய லேப்ல இருந்தவங்க, உங்ககிட்டயே கேட்டுடறேன். எங்க விடைக்குறிப்புல இருக்கற விடை சரியா, தப்பா?"

"அது அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியில்..."

"சரியா, தப்பா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் அந்த எண்தான். அதை மிஞ்சிய ஃபோட்டானை யாரும் பிடித்ததில்லை. முப்பது வருடம் அந்தக் குவியலின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அது தப்பு என்று எப்படிச் சொல்வேன்? பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சரிதான்," என்றேன். "ஆனால் பிள்ளைகள் எழுதியதும்..."

"ஆனால் வேணாம் மேடம். அது போதும்." அவர் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். "அப்போ மிஸ், சரியான விடை ஒண்ணு இருக்கும்போது நீங்க வேறொண்ணைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா சார்," என்றாள் ஸ்டெல்லா. கேட்ட மறுநொடி, தயங்காமல்.

"பசங்க மேல தப்பு இல்ல."

"இல்ல சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பார்த்து எழுதவில்லை என்று நான் நிரூபித்தேன். அப்படியானால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அந்த யாரோவைப் பெயரோடு பிடித்துக் கொடுத்ததும் நானே. எழுந்துவிட்டேன். மேசையில் பிஸ்கட் தட்டு குதித்தது. பிள்ளைகள் எழுதிய கடைசி வரியில் உங்கள் எண் இருக்கிறதே, கண் இல்லையா என்று கேட்டேன். ஒரு வரி கூடுதலாகப் புரிந்துகொண்டால் அது குற்றமா என்று கேட்டேன். இப்படி நடத்தும் ஓர் ஆசிரியைக்காக எங்கள் ஊரில் பள்ளிகள் வரிசையில் நிற்கும் என்றேன். அது கொஞ்சம் மிகைதான். அந்த நேரத்தில் எனக்கு அளவு பார்க்கத் தோன்றவில்லை.

தாளாளர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். "உங்க கோபம் புரியுது மேடம். ஆனா எங்க பசங்க பரிச்சை எழுதணும், மார்க் வாங்கணும். நாளைக்கு பப்ளிக் எக்ஸாம்லயும் ஜீப்பு, ஆளுன்னு எழுதினா எவன் மார்க் போடுவான்? நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி. நீங்க வரலன்னா இந்த விஷயம் இவ்வளவு தெளிவாகியிருக்காது."

மாத முடிவோடு ஸ்டெல்லா நின்றுகொள்ளலாம் என்றார்கள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

வெளியே பெற்றோர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மதிப்பெண் வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஸ்டெல்லாவின் சேதி இன்னும் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். "வேணாம்க்கா, இன்னிக்கு வேணாம்," என்று என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். குப்பம்மா எங்கிருந்தோ ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கைக்குழந்தையைவிடக் கனம். "எம்பொண்ணு மானத்த காப்பாத்துனீங்கம்மா," என்றார். அந்தப் பழத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நான் என்ன செய்வது? எல்லோரும் கும்பிட்டார்கள். அவ்வளவு அவமானமாக இதுவரை என்னை யாரும் கும்பிட்டதில்லை.

நான்காம் நாள் ஸ்டெல்லா என்னை அடிவாரம்வரை கொண்டுவிட வந்தாள். இறங்கும் ஜீப்பில் புளிமூட்டைகள். பலாப்பழம் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. வெயிலில் அதன் வாசனை வண்டி முழுக்க நிறைந்தது. முன்னால் ஒருவர், "பழுத்துட்டுது, இன்னிக்கே அறுத்துடுங்க," என்று எனக்கு யோசனை சொன்னார்.

"என்ன பேசாமலே வர்றீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"அவங்க கேட்ட உடனே ஆமான்னு சொல்லிட்டியே. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நான் வேற மாதிரி திருப்பியிருப்பேன்."

"திருப்பியிருப்பீங்க. அதான் ஒடனே சொன்னேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பின்னு அவங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும்க்கா. காப்பி இல்லன்னு ஆச்சுன்னா அடுத்து என் கிட்டத்தான் வருவாங்க. நான் சொல்லிக் குடுத்தேன்னு நானே சொன்னேன், நம்பல. இவ நல்லவ, பசங்களுக்காகப் பழிய ஏத்துக்கறான்னு சொல்லிட்டாங்க. நெஜமாவே நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நிரூபிக்க ஒரு ஆள் வேணும். எனக்கு வேற யாரைத் தெரியும்? உங்களத்தான் தெரியும்."

"சேவியருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. வூட்டுக்குப் போய்ட்டுத்தான் சொல்லணும்."

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்திருக்க மாட்டேன். உன் வேலையைக் கெடுக்க நான் எதற்கு என்று கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, பாலிக்குப் போய் இளநீர் குடித்திருப்பேன். அந்தப் பதினோரு பேரும் திருடர்கள் என்ற பெயரோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, என் கோபத்தை நம்பி, அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அடிவாரத்தில் என் பேருந்து குறித்த நேரத்துக்கு, பாதி காலியாகக் கிளம்பியது. ஜன்னல் வழியே ஸ்டெல்லாவைத் திட்டினேன். பலாப்பழத்தை அவள் கையில் திணித்தேன், சேவியருக்குக் கொடு என்று. தாளாளரைத் திட்டினேன், விடைத்தாள் திருத்தியவர்களைத் திட்டினேன், வாயைத் திறக்காத அந்த இருவரையும் விடவில்லை. முன் இருக்கையில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவள் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அடுத்த மாதம் இணையத்தில் என்ன பேசப்போகிறீர்கள், நான் கட்டாயம் கேட்பேன், இனிமேல் எனக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று உரக்கச் சொன்னாள்.